கிள்ளான் ஆற்றோடு மலையிலிருந்து கடல்வரை: துடுப்பு எங்கே நிற்கிறது, ஏன்?

கிள்ளான் ஆற்றைத் தூய்மைப்படுத்த 440 கோடி ரிங்கிட் திட்டம் போட்டார்கள். கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமிக் பக்கம் நின்று பார்த்தால் தண்ணீர் இன்னும் தே தாரிக் நிறத்தில்தான் போகிறது. வெள்ளத்தைத் திருப்பிவிட நகரத்துக்கு அடியில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்தார்கள். ஆனாலும் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் கூப்பிட்டார்கள். பணமும் செலவானது, சுரங்கமும் வந்தது, அப்புறம் ஏன் இப்படி என்று கேட்பவர்களின் குழப்பம் நியாயமானது.

ஒரு பாலத்தில் நின்றுகொண்டு இதற்குப் பதில் காண முடியாது. நகரத்தில் பெய்த மழை எங்கே போய் நின்றது, பணம் ஆற்றின் எந்தப் பகுதிக்குப் போனது, யார் எறிந்த குப்பை யார் வீட்டுக் கரையில் ஒதுங்கியது என்பதெல்லாம் ஆற்றை மேலிருந்து கீழ்வரை ஒரே தொடராகப் பார்த்தால்தான் விளங்கும். ஆற்றின் தலைப்பில் தொடங்கி முகத்துவாரம்வரை துடுப்பு வலித்துப் போகும் பயணங்களுக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். இந்தக் கட்டுரையும் கிள்ளான் ஆற்றை அந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறது. அதன் 120 கிலோமீட்டரையும் படகிலேயே கடக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். படகைத் தூக்கிக்கொண்டு கரையேற வேண்டிய இடங்கள் பல உண்டு. இந்த ஆற்றை யார், யாருக்காக மாற்றினார்கள் என்பது அந்த இடங்களில்தான் நன்றாகத் தெரிகிறது.

இப்படிப் போனால் என்ன தெரியும்?

தலைப்பிலிருந்து கடல்வரை போவதற்கு ஒரே நிபந்தனைதான்: தண்ணீர் போகும் வழியை விட்டு விலகக்கூடாது. நீந்தலாம், துடுப்பு வலிக்கலாம், முடியாத இடத்தில் கரையோடு நடக்கலாம். குளிர்நீர் நீச்சலுக்குப் பெயர்பெற்ற லூயிஸ் பியூ 2006இல் இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றை இப்படிக் கடந்தார். 2023இல் அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றை மலை ஏரியில் தொடங்கி நியூயார்க் வரை நீந்தினார். தேம்ஸ் பயணத்தின்போது வறட்சி. மேற்பகுதியில் நீந்தத் தண்ணீர் இல்லாததால் அந்தத் தூரத்தை ஓடியே கடந்தார். நீந்த முடியாமல் போன அந்தத் தூரமும் ஆற்றைப் பற்றிய செய்திதான்.

இந்த முறையில் இரண்டு லாபம்:

1. காரணம் முன்னாலும் விளைவு பின்னாலும் வரும். காரில் போகிறவர் ஆற்றை வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாலத்தில் பார்க்கிறார். ஆற்றோடு போகிறவர் காலையில் கால்வாய் வாயில் கண்ட போலிஸ்டைரீன் பெட்டியை மாலையில் சதுப்புநிலக் காட்டின் வேரில் காண்பார்.

2. கண் நீர்மட்டத்தில் இருக்கும். சாலையிலிருந்து தெரியாத கழிவுநீர்க் குழாய் வாய்கள், சுவரின் உயரம், தடுப்பு மேட்டுக்குப் பின்னால் ஆற்றைவிடத் தாழ்வாக நிற்கும் வீடுகள் எல்லாம் படகில் இருந்தால்தான் புரியும்.

படுகை என்றால் என்ன?

ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் அனுப்பும் மொத்த நிலப்பரப்புதான் அதன் படுகை. கிள்ளான் ஆற்றின் படுகை சுமார் 1,288 சதுர கிலோமீட்டர். கோம்பாக், பத்து, அம்பாங், கெராயோங், பெஞ்சாலா, டாமன்சாரா என்று பல கிளையாறுகள் இதில் வந்து சேர்கின்றன. செந்தூலில் பெய்தாலும் பாண்டானில் பெய்தாலும் பெட்டாலிங் ஜெயாவில் பெய்தாலும் மழைநீர் கடைசியில் இந்த ஒரே ஆற்றுக்குத்தான் வந்தாக வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி இது.

தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடி எடுப்பவர்கள் நீராடும் பத்து ஆறும் இந்தப் படுகையைச் சேர்ந்ததே. அது கோம்பாக் ஆற்றில் கலந்து, கோம்பாக் மஸ்ஜித் ஜாமிக் அருகே கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. பத்துமலையில் தலையில் ஊற்றிய தண்ணீர் சில நாட்களுக்குள் கிள்ளான் துறைமுகத்தைத் தாண்டி மலாக்கா நீரிணைக்குள் போய்விடுகிறது.

துடுப்பு நின்ற இடத்தில் பிறந்த ஊர்

1857இல் கிள்ளான் பகுதியின் தலைவரான ராஜா அப்துல்லா ஈயம் தோண்ட 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளானிலிருந்து ஆற்று வழியே அனுப்பினார். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடம்வரைதான் சரக்குப் படகுகள் வசதியாக வர முடிந்தது. அவர்கள் அங்கே இறங்கி, காட்டு வழியாக அம்பாங்குக்கு நடந்தார்கள். பெரும்பாலோரை மலேரியா சில வாரங்களிலேயே கொண்டுபோய்விட்டது. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அரிசி மேலே ஏறியது, ஈயம் கீழே இறங்கியது. சரக்கைப் படகிலிருந்து இறக்கித் தோளில் ஏற்றிய அந்த இடமே கோலாலம்பூர் ஆனது.

அப்போது ஆற்றில் அதிகாரம் முகத்துவாரத்தில் இருந்தது. ஈயம் எத்தனை மைல் மேலே தோண்டப்பட்டாலும் கிள்ளானைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தீர்வை வாங்கிவிடலாம். 1867 முதல் 1874 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போர் முளைத்ததே கிள்ளான் யார் கையில் இருப்பது என்ற சண்டையில்தான். கீழே இருந்தவர் மேலே இருந்தவரிடம் வசூலித்த அந்தக் கணக்கு இன்று தலைகீழாகிவிட்டது. மேலே நடப்பவற்றுக்கான விலையைக் கீழே இருப்பவர்தான் கொடுக்கிறார்.

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் நகருக்கு எதிர்க்கரையான புக்கிட் கூடாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் ஆறு சாலையாக இருந்த காலம் முடிந்தது. தமிழர் கதை இங்கேதான் ஆற்றோடு சேர்கிறது. ரயில் பாதை ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு போனது. ரயில்வேயில் வேலை செய்த தமிழர்கள் பாதையைப் பிடித்துக்கொண்டு குடியேறினார்கள். செங்கல் சூளைகள் இருந்த பிரிக்பீல்ட்ஸ், ரயில் பட்டறை வந்த செந்தூல், கீழே ரப்பர்த் தோட்டங்கள், கடைசியில் துறைமுகம். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இந்தப் பள்ளத்தாக்கில் தமிழர் ஊர்கள் பெரும்பாலும் தாழ்ந்த நிலத்திலேயே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துறைமுகம் 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்தது. சதுப்புநிலத்தை வெட்டிக் கட்டிய அந்த இடத்தில் சில மாதங்களுக்குள் மலேரியா பரவித் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மல்கம் வாட்சன் கால்வாய் வெட்டிச் சதுப்பை வடித்துத்தான் நோயைக் கட்டுப்படுத்தினார். உயிர்களைக் காப்பாற்றிய வேலை அது. தாழ்நிலத்தை வடித்துவிட்டு அங்கே குடியிருக்கலாம் என்ற வழக்கமும் அதோடு இந்தக் கரையில் வேரூன்றியது.

மலை முதல் அணை வரை: நுழைய முடியாத தூய்மை

கோலாலம்பூருக்கு வடகிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரில் ஆறு தோன்றுகிறது. கீழே இறங்கும்போது 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு வெண்படிகப் பாறைத்தொடர் குறுக்கே நிற்கிறது. புக்கிட் தாபூர் என்று மலையேறிகள் அறிந்த முகடு அதன் ஒரு பகுதி. பாறைத்தொடரில் உள்ள ஒரு பிளவு வழியாக ஆறு வெளியே வருகிறது. அந்த வாசலை அடைத்துத்தான் 1958இல் கிள்ளான் கேட்ஸ் அணையைக் கட்டினார்கள்.

இங்கே துடுப்புக்கு வேலையில்லை. மேலே பாறையும் அடர்காடும். அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி தடைசெய்யப்பட்ட இடம். நடந்தும் போக முடியாதபடி காத்ததால்தான் ஆற்றின் மிகச் சுத்தமான நீர் இங்கே இருக்கிறது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயமும் இங்கேதான் தொடங்குகிறது. இந்த அணையும் பத்து ஆற்றின் மேல் உள்ள பத்து அணையும் தருவது நகரத்தின் குடிநீரில் ஒரு சிறு பங்குதான். பெரும்பகுதி வடக்கே உள்ள சிலாங்கூர் ஆற்றிலிருந்து குழாயில் வருகிறது. அந்தத் தண்ணீரைக் குடித்து, குளித்து, துவைத்துவிட்டுக் கழிவாக விடுவதோ கிள்ளான் ஆற்றில். அதனால் மழையில்லாத நாட்களில் நகரத்தைத் தாண்டும் நீரில் கணிசமான பங்கு, கழிவுநீர் நிலையங்களிலிருந்து சுத்திகரித்து வெளிவிடப்பட்ட நீர். வேறோர் ஆற்றில் எடுத்து இந்த ஆற்றில் விட்ட தண்ணீர்.

இதன் விளைவு அரசியலிலும் தெரிகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் ஒரு கழிவு சிலாங்கூர் ஆற்றில் கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது, நாடே பேசியது. கிள்ளான் ஆற்றில் அதைவிட மோசமானது கலந்தாலும் யார் வீட்டுக் குழாயும் நிற்காது. ஓர் ஊர் தன் நடுவே ஓடும் ஆற்றைக் குடிக்காமல் விட்டால் அதைக் காக்கும் அவசரமும் போய்விடுகிறது. கிள்ளான் ஆற்றின் நிலைமைக்கு இதைவிடப் பெரிய காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அணை முதல் மஸ்ஜித் ஜாமிக் வரை: நெடுஞ்சாலைக்கு அடியில் ஒரு வாய்க்கால்

அணைக்குக் கீழே தாமான் மெலாவாத்தி, உலு கிள்ளான், அம்பாங். மலையாறு தட்டையான சிமெண்ட் வாய்க்காலாக மாறுவது இந்தப் பகுதியில். வெயில் நாளில் படகின் அடி தட்டும் ஆழம்தான் இருக்கும். மேலே வெயிலும் விழாத நீண்ட பகுதி உண்டு. 2001இல் திறந்த அம்பாங்–கோலாலம்பூர் மேம்பால நெடுஞ்சாலையின் தூண்கள் நெடுந்தூரம் ஆற்றை ஒட்டியும் ஆற்றிலுமே ஊன்றப்பட்டவை. நகரத்தில் நிலம் வாங்கச் செலவாகும். ஆறு யாரிடமும் விலை கேட்காது.

ஆற்றைச் சிமெண்டில் அடைத்ததற்குக் காரணம் வெள்ளம். ஈயம் தோண்டிய லம்பங்களிலிருந்து வந்த மணல் ஆற்றின் அடித்தரையை உயர்த்தியது. 1926இல் பெருவெள்ளம், 1971 ஜனவரியில் மறுபடியும் நகரம் மூழ்கியது. நேராக்கி, அகலப்படுத்தி, சுவர் எழுப்பி, தண்ணீரை முடிந்தவரை வேகமாக வெளியேற்றுவது என்பதே அன்றைய பொறியியல். அது வேலை செய்தது, நகரத்துக்கு. ஆனால் வேகமாகப் போகும் தண்ணீர் மறைந்துவிடுவதில்லை. கீழே இருக்கும் ஊருக்கு முன்னதாகவே, மொத்தமாகப் போய்ச் சேர்கிறது.

துடுப்பு வலிப்பவருக்கு இதனால் வரும் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். மலைப்பக்கம் பிற்பகல் இடிமழை பெய்தால் நகரத்தில் வெயில் அடிக்கும்போதே வாய்க்காலில் தண்ணீர் மளமளவென ஏறும். செங்குத்தான சுவரில் பிடித்து ஏற வழியில்லை.

சுரங்கத்தில் போன தண்ணீர் எங்கே போகிறது?

கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேரும் இடத்துக்கு அருகே, கம்போங் பெரெம்பாங்கில், 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கத்தின் நுழைவாய் இருக்கிறது. நீளம் 9.7 கிலோமீட்டர். நடுவில் சுமார் 4 கிலோமீட்டருக்குக் கார்கள் போகும் இரண்டடுக்குச் சாலை. அதன் இயக்கம் இப்படி:

1. மழை இல்லாதபோது அல்லது லேசான மழையில் சுரங்கத்தில் வெள்ளநீர் விடப்படாது, கார்கள் ஓடும்.
2. ஓரளவு வெள்ளத்தில், சாலைக்கு அடியில் உள்ள கீழ்ப்பகுதியில் மட்டும் தண்ணீர் திருப்பப்படும். மேலே கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்.
3. பெருவெள்ளத்தில் கார்கள் வெளியேற்றப்பட்டு, கதவுகள் மூடப்பட்டு, சாலை உட்பட முழுச் சுரங்கமும் தண்ணீருக்கு விடப்படும்.

சுரங்கமும் அதன் இரு முனைகளிலும் உள்ள குளங்களும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் கன மீட்டர் தேக்கலாம். மஸ்ஜித் ஜாமிக், டாங் வாங்கி பக்கம் பல வெள்ளங்களைத் தவிர்த்த அருமையான அமைப்பு இது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மறுமுனை எங்கே என்று பாருங்கள்: தாமான் டேசா குளம், அங்கிருந்து கெராயோங் ஆறு, அங்கிருந்து மறுபடியும் அதே கிள்ளான் ஆறு. சுரங்கம் தண்ணீரைத் தேக்கி, தாமதப்படுத்தி, நகர மையத்தைச் சுற்றிக் கொண்டுபோகிறது. படுகைக்கு வெளியே ஒரு துளியையும் அனுப்புவதில்லை. நகர மையத்தைக் காக்கக் கட்டியது அது, அதைச் செய்கிறது. ஸ்ரீ மூடாவைக் காக்கும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால், அது அந்தச் சுரங்கத்தின் வேலையே இல்லை.

ஆறுகள் கூடும் இடம்

1909இல் கட்டிய மஸ்ஜித் ஜாமிக் இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலான முனையில் நிற்கிறது. சுற்றிலும் தமிழர் தடம்தான். செட்டியார்கள் கடை வைத்து வட்டித் தொழில் நடத்திய லெபோ அம்பாங் ஒரு பக்கம், தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த மஸ்ஜித் இந்தியா வட்டாரம் இன்னொரு பக்கம். படகுத்துறைக்கு அருகே கடை, கடைக்கு அருகே தொழுகை என்ற பழைய அமைப்பு இன்னும் கலையவில்லை.

முதலில் சொன்ன 440 கோடி ரிங்கிட் திட்டம், 2011–12 வாக்கில் தொடங்கிய 'வாழ்வின் ஆறு'. அதன் காட்சிமுகம் இதுதான். 2017இல் திறந்த நீலக்குளத்தில் இரவில் நீல விளக்கும் பனிப்புகையும். கரையோர நடைபாதை உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. முன்பு ஆற்றுக்கு முதுகைக் காட்டிய கட்டடங்கள் இப்போது முகத்தைத் திருப்பியிருக்கின்றன. ஆனால் சுவரின் அடிப்பாகத்தைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். வரிசையாகக் கால்வாய் வாய்கள். சிலவற்றின் கீழ் சிமெண்டில் வழவழப்பான கறுப்புக் கோடு, அதன்மேல் வெள்ளையாகப் படிந்த கொழுப்பு. உடும்புகள் அந்த வாய்களுக்கு அருகேதான் காத்திருக்கும், அங்கேதான் உணவுத் துணுக்கு வரும்.

இந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? மலேசியாவில் மலக்கழிவுக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனிக் கால்வாய். மழைநீர்க் கால்வாய் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக ஆற்றுக்குப் போகிறது. சாப்பாட்டுக் கடையின் பின்சந்தில் தட்டு கழுவிய தண்ணீர், பாசாரில் மீன் கழுவிய தண்ணீர், கார் கழுவிய சோப்புத் தண்ணீர் எல்லாம் விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில். திட்டத்தில் பாசார்களுக்குக் கழிவுநீர் நிலையம், கால்வாய்களில் குப்பைத் தடுப்பு என்று உருப்படியான வேலைகளும் நடந்தன. பந்தாய் டாலாமில் நிலத்தடியில் கட்டி மேலே பூங்கா அமைத்த பெரிய கழிவுநீர் நிலையமும் ஆற்றின் சுமையைக் குறைக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான பின்சந்துகளை ஒரு பெரிய திட்டத்தால் பிடிக்க முடியாது. கழுவிய நீரிலிருந்து எண்ணெயைப் பிடித்து வைக்கும் பொறியைக் கடைக்காரர் துப்புரவாக வைக்கிறாரா என்று கடை கடையாகப் போய்ப் பார்க்கும் அன்றாட வேலை அது.

'இரண்டாம் வகுப்பு' என்றால் என்ன?

திட்டத்தின் இலக்கு ஆற்றை 'வகுப்பு 2பி' நிலைக்குக் கொண்டுவருவது. உடல் நனையும் பொழுதுபோக்குக்கு ஏற்ற நீர் என்று இதற்குப் பொருள். துடுப்பு வலிப்பவருக்குத் தேவையான வகுப்பு இதுதான்.

செய்திகளில் வரும் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளைச் சேர்த்து 100க்குக் கணக்கிடப்படுகிறது: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அமோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமில காரத்தன்மை. 81க்கு மேல் சுத்தம், 60 முதல் 80 வரை ஓரளவு மாசு, அதற்குக் கீழ் மாசு. இதில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. நிறம் ஏமாற்றும். பழுப்பு நிறம் பெரும்பாலும் கட்டுமானத் தளங்களிலிருந்தும் வெட்டிய மலைச்சரிவுகளிலிருந்தும் வரும் மண். மனிதக் கழிவின் அடையாளம் அமோனியா, அதைக் கண்ணால் பார்க்க முடியாது. தெளிந்த நீர் ஆபத்தாகவும் கலங்கிய நீர் ஓரளவு பரவாயில்லாமலும் இருக்கலாம்.

2. அந்த ஆறு அளவுகளில் மலக்கிருமிகள் சேர்க்கப்படவில்லை. வகுப்பு 2பிக்கு 100 மில்லிலிட்டரில் 400 மலக்கோலிஃபார்ம் என்று தனி வரம்பு உண்டு. குறியீட்டு எண் உயர்ந்துவிட்டது என்ற செய்தியை மட்டும் வைத்து இறங்கிவிடக்கூடாது.

பழைய கிள்ளான் சாலை முதல் ஸ்ரீ மூடா வரை

பிரிக்பீல்ட்ஸைக் கடந்ததும் ஆறு அகலமாகிறது. 1950களின் பிற்பகுதி முதல் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒருசேர இழந்த குடும்பங்கள் நகரத்துக்கு வந்தன. அவர்களுக்குக் கிடைத்தது ஆற்றோர ஒதுக்கு நிலமும் ரயில் பாதையோரமும்தான். பழைய கிள்ளான் சாலை, பந்தாய் டாலாம் பக்கம் இருந்த புறம்போக்கு வீடுகளில் பெருவாரியானவர்கள் இப்படி வந்தவர்கள். பின்னாளில் அவர்களை அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். பல அடுக்குமாடிகளும் ஆற்றுக்குப் பக்கத்திலேயே எழுந்தன. ஓரளவு வசதி வந்தவர்கள் சொந்த வீடு தேடிப் போனார்கள். கைக்கு எட்டிய விலையில் கிடைத்த தரைவீடுகள் இருந்தது ஆற்றின் கீழ்ப்பகுதியில். ஷா ஆலம், கிள்ளான் வட்டாரத் தாமான்களில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தாமான் ஸ்ரீ மூடாவைப் படகிலிருந்து பார்த்தால் தடுப்பு மேடும் அதற்கு மேலே கூரைகளும்தான் தெரியும். 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாழ்வழுத்தம் ஒன்றால் ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஆனால் மழை மட்டும் அங்கே வெள்ளத்தை உண்டாக்கவில்லை:

1. நிலம் தாழ்வு. இயல்பாக வெள்ளம் பரவி நிற்கும் சமவெளியில் மேடு கட்டி வீடுகள் எழுப்பப்பட்டுள்ளன.

2. தாமானுக்குள் பெய்யும் மழை கால்வாய் வழியாக ஆற்றுக்கு வர, மேட்டில் மதகு இருக்கிறது. ஆற்றின் மட்டம் கால்வாயைவிட உயர்ந்துவிட்டால் மதகை மூட வேண்டும். திறந்து வைத்தால் ஆறு உள்ளே வரும். மூடியபிறகு உள்ளே சேரும் தண்ணீரை பம்பு வைத்துத்தான் வெளியே இறைக்க முடியும். பம்பின் திறனுக்கு மேல் மழை பெய்தால், அல்லது பம்பு நின்றுவிட்டால், தடுப்பு மேடே தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும் சுவராகிவிடும்.

3. கடல் ஏற்றம் இங்கேவரை எட்டும். கிள்ளான் துறைமுகத்தில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் இரண்டுக்கும் இடையே 4 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். ஏற்ற நேரத்தில் ஆற்றுநீர் கடலுக்குள் இறங்காமல் தேங்கி நிற்கும்.

4. மேலே நகரம் முழுக்க நிலம் சிமெண்டும் தாருமாக மூடப்பட்டிருக்கிறது. மண்ணில் ஊற வேண்டியது வாய்க்காலில் ஓடி வருகிறது. டாமன்சாரா ஆற்றின் தண்ணீரும் ஷா ஆலம் பகுதியில் வந்து சேர்ந்துகொள்கிறது.

புதிய கட்டுமானங்கள் மழைநீரைத் தங்கள் நிலத்திலேயே கொஞ்சநேரம் தேக்கிவிட்டு மெதுவாக விட வேண்டும் என்ற வடிகால் விதிமுறை 2001 முதல் இருக்கிறது. அதற்கு முன் கட்டிய நகரத்துக்கு அது பொருந்தாது. கோலாலம்பூரின் பெரும்பகுதி அதற்கு முன் கட்டியதுதான்.

ஒரே ஆறு, பல எசமானர்கள்

1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அன்று முதல் கிள்ளான் ஆறு சிலாங்கூரில் பிறந்து, கூட்டரசுப் பிரதேசத்துக்குள் போய், மறுபடியும் சிலாங்கூருக்குள் வருகிறது. அரசியலமைப்புப்படி ஆறுகள் மாநிலத்தின் பொறுப்பு. தொழிற்சாலை மாசைப் பார்ப்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறை. கழிவுநீர்க் குழாய் இண்டா வாட்டர் கையில். வெள்ளத் தடுப்பு வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம். குப்பை அள்ளுவது நகரத்தில் ஒரு சட்டத்தின் கீழ், சிலாங்கூரில் வேறு ஏற்பாட்டின் கீழ். எல்லை தாண்டியதும் அதே போலிஸ்டைரீன் பெட்டிக்குப் பொறுப்பாளர் மாறிவிடுகிறார்.

திட்டங்களும் அப்படியே துண்டாகின. 'வாழ்வின் ஆறு' நகரத்தையும் அதற்கு மேலான பகுதிகளையும் பார்க்கிறது. மிட் வேலி பக்கத்திலிருந்து கடல்வரை 56 கிலோமீட்டரைச் சிலாங்கூர் அரசின் வேறொரு திட்டம் கவனிக்கிறது. மிதவைத் தடுப்புகளும், நெதர்லாந்தின் ஓஷன் கிளீனப் அமைப்பு 2019இல் கிள்ளானில் நிறுத்திய, சூரிய மின்சக்தியில் இயங்கும் குப்பை அள்ளும் படகும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. மேலே விழுந்ததைக் கீழே பொறுக்குகிறார்கள், அந்தச் செலவும் கீழ்க்கணக்கில். முழு ஆற்றுக்கும் ஒரே கணக்குப் புத்தகம் இல்லாதவரை, மேலே ஒரு கட்டுமானத்துக்கு அனுமதி கொடுக்கும்போது அது ஸ்ரீ மூடாவில் எத்தனை அங்குலம் என்று கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் வராது.

கிள்ளான் நகரம், கடல்

1961இல் திறந்த கோத்தா பாலத்தின் கீழ்த்தளத்தில் இன்றும் ஆட்கள் நடந்து ஆற்றைக் கடக்கலாம். ஒரு கரையில் தெங்கு கிளானா சாலையின் பூக்கடைகளும் புடவைக்கடைகளும். கிள்ளானில்தான் ஆறு மீண்டும் ஆறாக நடந்துகொள்கிறது: அகலம், ஆழம், ஏற்ற இறக்கம், கரையில் அலையாத்தி மரங்கள். முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கு அப்பால் தூண்கள் மேல் வீடு கட்டி வாழும் கெத்தாம் தீவு மீனவர்கள். மேலிருந்து வரும் பிளாஸ்டிக் அவர்கள் வலையிலும் வீட்டுக்கு அடியிலும் சிக்குகிறது. இந்த ஆற்றால் இன்னும் நேரடியாகப் பிழைப்பவர்கள் அவர்கள். ஆற்றைப் பற்றிய கூட்டங்களில் மிகக் குறைவாகக் கேட்கப்படும் குரலும் அவர்களுடையதே.

போக நினைப்பவர்களுக்கு

முழு ஆற்றையும் பார்க்க விரும்பும் இளைஞர் குழுக்களுக்குச் சரியான வழி, மேல்பாதியை நடந்தும் கீழ்பாதியைத் துடுப்பிலும் போவது. அணைக்குக் கீழிருந்து பழைய கிள்ளான் சாலைவரை கரையோடு நடங்கள். வாய்க்காலுக்குள் இறங்க வேண்டாம். நடைபாதை அறுந்துபோகும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அவை பெரும்பாலும் யாராவது ஒதுக்கு நிலத்தை எடுத்துக்கொண்ட இடங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்ஜிர் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு நிலையத்தின் நீர்மட்டமும் வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகளில் வரும். மேலே ஏதாவது ஒரு நிலையம் விழிப்பைத் தொட்டாலும் அன்றைக்குப் பயணம் வேண்டாம். ஏப்ரல் மாதமும் அக்டோபர், நவம்பரும் பிற்பகல் இடிமழை அதிகமுள்ள காலம்.

கீழ்ப்பகுதியில் மிதவைத் தடுப்புகள் குறுக்கே வரும். அவற்றின் மேல் ஏறாமல் கரையேறித் தூக்கிச் செல்ல வேண்டும். கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். போய்வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். கிள்ளான் நகரத்திலிருந்து வற்றம் தொடங்கும் நேரத்தில் கிளம்பினால் தண்ணீரே இழுத்துப் போகும்; நேரம் தவறினால் அதே தண்ணீர் எதிர்த்து வரும். கெத்தாம் தீவுக்குப் பயணிகள் படகு புறப்படும் துறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கு அப்பால் கப்பல்கள் போகும் வழி. கடல்துறை இலாகாவிடமும் துறைமுகத்திடமும் கேட்காமல் சிறு படகில் அங்கே நுழையக்கூடாது.